தொழுகையில இருப்புல என்னென்ன ஓதுற? ஒலுவில் கெம்பஸ் தங்கச்சிக்கு

வஅலைக்குமுஸ்ஸலாம் தங்கச்சி. நீங்க கேட்டது மூணு விஷயம். ரெண்டு ஸுஜூதுக்கு (நெத்திய நிலத்துல வைக்கிறது) நடுவில இத்தன காலமும் ஒண்டும் ஓதாம சும்மா இருந்து எழும்பியிரிக்கீங்க, அந்தத் தொழுகையெல்லாம் கூடுமா. அக்கரைப்பத்துல உங்கட வாப்பா சொல்லித்தந்த அத்தஹிய்யாத்தும் (நடு இருப்புலயும் கடைசி இருப்புலயும் ஓதுறது) ஒலுவில் ஹொஸ்டல்ல கூட இரிக்கிற புள்ள ஓதுற அத்தஹிய்யாத்தும் வேற வேறயா இரிக்கு, எது சரி. மறுகா கடைசி இருப்புல ஸலவாத்து (நபிக்காகக் கேக்கிற துஆ) முடிஞ்ச பொறகும் இமாம் கொஞ்ச நேரம் இரிக்காரு, அந்த நேரம் என்ன ஓதுற. நான் இஞ்ச சாய்ந்தமருதுல பொம்புளப் புள்ளைகளுக்கு ஓதிக்குடுக்கிற ஆள், இந்த மூணும் அடிக்கடி வாற கேள்வி, அதனால நீளமாவே எழுதுறன், ஆறுதலா வாசிங்க. மூணாவது கேள்விதான் இதுல பெரிய கேள்வி எண்டு நான் நினைக்கிறன், ஏனெண்டா அந்த நேரத்தத்தான் நம்மட ஆக்கள் கனபேர் கையால விட்டுர்றாங்க.

முதலாவதுக்கு பயப்புடாதீங்க. நம்ம ஷாஃபிஈ மத்ஹபுல (நாம பின்பற்றுற சட்டவழி) ரெண்டு ஸுஜூதுக்கு நடுவில நிமிந்து இரிக்கிறது பர்ளு, அதாவது கட்டாயம், இருந்து உடம்பு ஒரு சுப்ஹானல்லாஹ் சொல்ற அளவுக்காவது தரிபடுறதும் பர்ளு, ஆனா அந்த இருப்புல ஓதுறது ஸுன்னத்துத்தான், செஞ்சா நன்மை, கட்டாயமில்ல. அதனால நீங்க ஓதாம விட்ட தொழுகையெல்லாம் கூடும், கழாச் செய்ய, அதாவது திருப்பித் தொழ, தேவல்ல. எனக்குக் கவல ஓதாத ஆக்களப் பத்தி இல்ல, தரிபடாத ஆக்களப் பத்தித்தான். தலைய அரவாசி தூக்கிட்டு உடனே மறுகாலும் நிலத்துல வைக்கிறவங்க இரிக்காங்க, அது இருப்பே இல்ல. புஹாரி எண்ட கிரந்தத்துல வாற ஹதீஸ் (நபிட சொல், செயல் பத்தின அறிவிப்பு) ஒண்டு, ஒரு மனிசன் பள்ளிக்கு வந்து கெதியா தொழுதிட்டு நபி (ஸல்) அவங்களுக்கு ஸலாம் சொன்னாரு, அவங்க பதில் ஸலாம் சொல்லிட்டு திரும்பிப் போய்த் தொழுங்க, நீங்க தொழல்ல எண்டாங்க, இப்பிடியே மூணு தரம் நடந்திச்சி. பொறகு அவருக்கு சொல்லிக்குடுக்கக்குள்ள ஸுஜூதுல இருந்து எழும்பி அமைதியா இருந்திட்டுத்தான் அடுத்த ஸுஜூதுக்குப் போகணும் எண்டும் சேத்துச் சொன்னாங்க. அனஸ் (ரழி) அவங்க இன்னொண்டு சொல்றாங்க, நபி (ஸல்) அவங்க ரெண்டு ஸுஜூதுக்கு நடுவில இரிக்கிற நேரத்தப் பாத்தா, மறந்துட்டாங்களோ எண்டு நினைக்கத் தோணுமாம். அவ்வளவு நேரம் இருந்திரிக்காங்க.

இனி அதுல என்ன ஓதுற எண்டா, ஆகச் சின்னது ஹுதைஃபா (ரழி) அறிவிக்கிறது, ரப்பிக்ஃபிர்லீ, ரப்பிக்ஃபிர்லீ. என்ட ரப்பே என்ன மன்னிச்சிரு, அவ்வளவுதான். புதுசா பழகுற புள்ளைகளுக்கு நான் முதல்ல இதத்தான் குடுக்கிற. நம்ம பக்கம் ஓதப்பள்ளியில சொல்லித்தாறது கொஞ்சம் நீளம்: ரப்பிக்ஃபிர்லீ வர்ஹம்னீ வஜ்புர்னீ வர்ஃபஃனீ வர்ஸுக்னீ வஹ்தினீ வஆஃபினீ. இப்னு அப்பாஸ் (ரழி) அவங்கட அறிவிப்புகள்ல வாற சொல்லுகள சேத்து ஷாஃபிஈ கிதாபுகள்ல இப்பிடி எழுதியிரிக்கு, சில அறிவிப்புல ஒண்டு ரெண்டு சொல்லு கூடும் குறையும், அதெல்லாம் பிரச்சினல்ல. மன்னிப்பு, ரஹ்மத்து, என்ட ஒடஞ்சதச் சரிக்கட்டு, என்ன உயத்து, ரிஸ்க்கத் தா, நேர்வழி காட்டு, சுகத்தத் தா. இப்ப யோசிச்சிப் பாருங்க, ஒரு நாளைக்கு பர்ளுத் தொழுகை மட்டும் 17 ரக்அத்து (நிலை, குனியிற ருகூஉ, ரெண்டு ஸுஜூது சேந்த ஒரு சுற்று), ஒவ்வொரு ரக்அத்துலயும் இந்த இருப்பு ஒண்டு இரிக்கு. 17 தரம் ஒரு மனிசன் அல்லாஹ்க்கிட்ட தன்ட நோய்க்கு சுகமும் வீட்டுக்கு ரிஸ்க்கும் கேக்கிறான், ஆனா கனபேருக்கு தாங்க என்ன கேக்கிற எண்டு தெரியா. அது எனக்கு சரியான கவல. கருத்த ஒருக்கா படிச்சிட்டா மறுகா கெதியா எழும்ப உங்களுக்கே மனசு வராது.

இதுக்கிடையில இன்னொரு குட்டி இருப்பும் இரிக்கு, முதலாம் மூணாம் ரக்அத்துல ரெண்டாவது ஸுஜூது முடிஞ்சி எழும்பமுந்தி கொஞ்சம் இருந்திட்டு எழும்புறது. மாலிக் இப்னு ஹுவைரிஸ் (ரழி) அவங்கட ஹதீஸ்ல வந்திரிக்கு, நம்ம மத்ஹபுல ஸுன்னத்து. அதுல தனியா ஓதுறத்துக்கு ஒண்டும் இல்ல.

இப்ப அத்தஹிய்யாத்து. உங்கட வாப்பா சொல்லித்தந்தது இதுவாத்தான் இரிக்கும்: அத்தஹிய்யாத்துல் முபாரக்காத்துஸ் ஸலவாத்துத் தய்யிபாத்து லில்லாஹ், அஸ்ஸலாமு அலைக்க அய்யுஹன் நபிய்யு வரஹ்மத்துல்லாஹி வபரக்காத்துஹு, அஸ்ஸலாமு அலைனா வஅலா இபாதில்லாஹிஸ் ஸாலிஹீன், அஷ்ஹது அல்லாஇலாஹ இல்லல்லாஹ், வஅஷ்ஹது அன்ன முஹம்மதர் ரஸூலுல்லாஹ். இது இப்னு அப்பாஸ் (ரழி) அறிவிக்கிறது, முஸ்லிம் கிரந்தத்துல இரிக்கு. கூட இரிக்கிற புள்ள ஓதுறது அத்தஹிய்யாத்து லில்லாஹி வஸ்ஸலவாத்து வத்தய்யிபாத்து எண்டு தொடங்கி, நடுவில அதே ஸலாம்களும் வந்து, கடைசியில வஅஷ்ஹது அன்ன முஹம்மதன் அப்துஹு வரஸூலுஹு எண்டு முடியும். அது இப்னு மஸ்ஊத் (ரழி) அறிவிக்கிறது, புஹாரியிலயும் முஸ்லிம்லயும் இரிக்கு. ஹனஃபி, ஹன்பலி ஆக்கள் அதத்தான் எடுத்திரிக்காங்க. இமாம் மாலிக் எடுத்தது உமர் (ரழி) அவங்க மிம்பர்ல இருந்து சொல்லிக்குடுத்த இன்னொரு அமைப்பு. ஆக உங்கட வாப்பாவும் சரி, அந்தப் புள்ளையும் சரி.

இதுல நான் அடிக்கடி சொல்ற ஒரு விஷயம் இரிக்கு. ஹிஜ்ரி 150ல பொறந்து 204ல மௌத்தான இமாம் ஷாஃபிஈ அவங்கக்கிட்டயே இத கேட்டிரிக்காங்க, ஏன் இப்னு அப்பாஸ்ட அறிவிப்ப எடுத்தீங்க எண்டு. அது எனக்கு ஸஹீஹா, பலமான ஆதாரத்தோட, கிடைச்சது, சொல்லும் கூட இரிக்கு, அதனால எடுத்தன், ஸஹீஹான மத்தத எடுத்த ஆக்கள நான் கடிஞ்சி பேச மாட்டன் எண்ட கருத்துலதான் பதில் சொல்லியிரிக்காங்க. நம்ம மத்ஹபு அறிஞர் இமாம் நவவியும் எல்லா அமைப்பும் கூடும் எண்டுறதுல உலமாக்கள் ஒத்துப்போயிரிக்காங்க எண்டு எழுதியிரிக்காங்க. இமாமே கடிஞ்சி பேசாத ஒண்டுக்கு நம்ம ஊர்கள்ல ஒரே பள்ளியில தொழுத ஆக்கள் முகம் குடுத்துக் கதைக்காம இருந்த காலமெல்லாம் இருந்திச்சி, இப்ப கொஞ்சம் குறஞ்சிரிக்கு அல்ஹம்துலில்லாஹ். ஒண்ட நல்லாப் பாடமாக்கி அதையே ஓதிட்டு வாங்க, ரெண்டையும் கலந்து குழப்பிக்காதீங்க, அதுதான் என்ட புத்திமதி.

இத ரஸூலுல்லாஹ் எப்பிடிச் சொல்லிக்குடுத்தாங்க தெரியுமா? இப்னு மஸ்ஊத் (ரழி) சொல்றாங்க, என்ட கை அவங்கட ரெண்டு கைக்கும் நடுவில இரிக்கக்குள்ள, குர்ஆன்ல ஒரு ஸூறாவ சொல்லித்தாற மாதிரி சொல்லித்தந்தாங்க எண்டு. கையப் புடிச்சி சொல்லிக்குடுத்த பாடம் இது. அதுக்கு முந்தி ஸஹாபாக்கள் (நபித் தோழர்கள்) இருப்புல அல்லாஹ்வுக்கு ஸலாம், ஜிப்ரீலுக்கு ஸலாம், மீக்காஈலுக்கு ஸலாம், இன்னாருக்கு ஸலாம் எண்டு பேர் பேரா சொல்லிட்டு இருந்தாங்களாம். நபி (ஸல்) அவங்க அதக் கேட்டிட்டு, அல்லாஹ்தான் ஸலாம், அவனுக்கு நீங்க ஸலாம் சொல்லத் தேவல்ல, இப்பிடிச் சொல்லுங்க எண்டு அத்தஹிய்யாத்த சொல்லிக்குடுத்தாங்க. எல்லாக் காணிக்கையும் தொழுகையும் நல்லதுகளும் அல்லாஹ்வுக்கு, நபியே உங்களுக்கு ஸலாமும் ரஹ்மத்தும் பரக்கத்தும், எங்களுக்கும் அல்லாஹ்ட ஸாலிஹான (நல்ல) அடியார்களுக்கும் ஸலாம், பொறகு கலிமா ஷஹாதத். அந்த நடு வசனத்த சொன்னா வானத்துலயும் பூமியிலயும் இரிக்கிற ஸாலிஹான ஒவ்வொரு அடியாருக்கும் அந்த ஸலாம் போய்ச் சேரும் எண்டும் அதே ஹதீஸ்ல சொன்னாங்க.

நம்ம இலங்கைக் கிழக்கு மாகாணத்து ஆக்களுக்கு இந்த வசனம் சும்மா கடந்து போற வசனமா இரிக்க ஏலாது. 1990 ஆகஸ்ட் 3ஆம் திகதி இஷா நேரம் காத்தான்குடியில மீரா ஜும்ஆப் பள்ளியிலயும் ஹுஸைனிய்யா பள்ளியிலயும் தொழுகையில நிண்ட இடத்துலயே 100 பேருக்கு மேல கொல்லப்பட்டு ஷஹீதானாங்க, புள்ளைகளும் இருந்தாங்க. 2004 டிசம்பர் 26 கடல் வந்து சாய்ந்தமருது, மருதமுனை, கல்முனைப் பக்கம் எத்தன வீட்டக் கொண்டு போச்சி எண்டு உங்கட உம்மாக்கிட்ட கேளுங்க. அவங்கள்ல ஸாலிஹான ஒவ்வொருத்தருக்கும் நாம ஒவ்வொரு அத்தஹிய்யாத்துலயும் ஸலாம் சொல்றம். இத சொல்லிக்குடுத்த பொறகு என்ட வகுப்புல புள்ளைகள் அந்த இடத்துல அவசரப்பட்டு ஓதுறல்ல.

நடு இருப்ப கெதியா சொல்லிர்றன். ரெண்டாவது ரக்அத்துல அத்தஹிய்யாத்து ஓதி, நம்ம மத்ஹபுப்படி சின்ன ஸலவாத்து, அல்லாஹும்ம ஸல்லி அலா முஹம்மத் எண்டு சொல்லிட்டு எழும்புற. ஹனஃபியில அத்தஹிய்யாத்தோட நிப்பாட்டி எழும்புவாங்க. இந்த இருப்பு நமக்கு ஸுன்னத்து, ஆனா விட்டா மறதி ஸுஜூது செய்ற வகையான ஸுன்னத்து. மறந்து எழும்பி நேரா நிண்டுட்டா திரும்பி இரிக்கப்படாது, அப்பிடியே தொழுது ஸலாமுக்கு முந்தி ரெண்டு ஸுஜூது செய்யணும். நபி (ஸல்) அவங்களே ஒரு லுஹர் தொழுகையில இப்பிடி எழும்பி, கடைசியில ரெண்டு ஸுஜூது செஞ்சாங்க எண்டு அப்துல்லாஹ் இப்னு புஹைனா (ரழி) அறிவிக்கிறாங்க. அந்த ரெண்டு ஸுஜூதுக்கு நடுவில இரிக்கக்குள்ளயும் மேல சொன்ன ரப்பிக்ஃபிர்லீதான்.

இருக்கிற விதமும் வித்தியாசம். நடு இருப்புல இடது காலுக்கு மேல இருந்து வலது பாதத்த நட்டிக்கிற, கடைசி இருப்புல இடது கால வலது பக்கத்தால வெளியில விட்டு நிலத்துல இரிக்கிற. அபூ ஹுமைத் (ரழி) அவங்கட ஹதீஸ் புஹாரியில இரிக்கு. சுபஹுல ஒரு இருப்புத்தான், அது கடைசி இருப்பு, அதனால நமக்கு அதுலயும் நிலத்துல இரிக்கிற மாதிரித்தான்.

விரல் விஷயம் கேக்காம விட்டிரிக்கீங்க, ஆனா அடுத்ததா அதத்தான் கேப்பீங்க. இப்னு உமர் (ரழி) அறிவிப்புல வலது கைய மூடி, அந்தக் காலத்து அரபிகள் விரலால 53 எண்டு காட்டுற மாதிரி வச்சி, ஆட்காட்டி விரலால சுட்டிக் காட்டினாங்க எண்டு வருது. நம்ம மத்ஹபுல இல்லல்லாஹ் எண்டுற இடத்துல விரல உயத்தி, ஆட்டாம, எழும்பும் வரைக்கும் இல்லாட்டி ஸலாம் வரைக்கும் அப்பிடியே வச்சிக்கிற. ஆட்டுற ஆக்கள் வாஇல் இப்னு ஹுஜ்ர் (ரழி) அறிவிப்ப வச்சி ஆட்டுறாங்க, ஆட்டாத ஆக்கள் அப்துல்லாஹ் இப்னு ஸுபைர் (ரழி) அறிவிப்ப வச்சி ஆட்டுறல்ல. ரெண்டு பக்கமும் ஹதீஸ் இரிக்கு. பார்வை அந்த விரல்ல இரிக்கணும் எண்டும் ஹதீஸ் இரிக்கு, பக்கத்துல இரிக்கிறவங்கட விரல்ல இல்ல.

இனி மூணாவது கேள்வி, கடைசி இருப்பு. நம்ம மத்ஹபுல இந்த இருப்பும் பர்ளு, அதுல அத்தஹிய்யாத்தும் பர்ளு, நபி மேல ஸலவாத்தும் பர்ளு, முதல் ஸலாமும் பர்ளு. ஸலவாத்துக்கு ஆகக் குறைஞ்சது அல்லாஹும்ம ஸல்லி அலா முஹம்மத், ஆனா கிடைக்கிற பெரிய நன்மைய ஏன் விடணும். கஃப் இப்னு உஜ்ரா (ரழி) சொல்றாங்க, உங்களுக்கு ஸலாம் சொல்ற விதம் தெரியும், ஸலவாத்து எப்பிடிச் சொல்ற எண்டு நாங்க கேட்டம், அவங்க சொல்லித்தந்தாங்க: அல்லாஹும்ம ஸல்லி அலா முஹம்மதின் வஅலா ஆலி முஹம்மதின், கமா ஸல்லைத்த அலா இப்ராஹீம வஅலா ஆலி இப்ராஹீம, இன்னக்க ஹமீதும் மஜீத், அல்லாஹும்ம பாரிக் அலா முஹம்மதின் வஅலா ஆலி முஹம்மதின், கமா பாரக்த்த அலா இப்ராஹீம வஅலா ஆலி இப்ராஹீம, இன்னக்க ஹமீதும் மஜீத்.

நீங்க கேட்ட அந்த நேரம் இதுக்குப் பொறகுதான் வருது. ஸலவாத்து முடிஞ்சி ஸலாமுக்கு முந்தின அந்தக் கொஞ்ச நேரம் துஆவுக்குரிய நேரம். இப்னு மஸ்ஊத் (ரழி) அவங்கட அத்தஹிய்யாத்து ஹதீஸ் முடியிறதே அதுலதான், பொறகு தனக்கு விருப்பமான துஆவத் தேடி எடுத்துக் கேக்கட்டும் எண்டு. நம்ம ஆக்கள் என்ன செய்ற, ஸலவாத்து முடிஞ்ச உடனே டக்கெண்டு ஸலாத்தக் குடுத்துட்டு, தொழுகைய விட்டு வெளியில வந்த பொறகு கைய ஏந்தி நீளமா அழுது கேக்கிறாங்க. ஸலாத்துக்குப் பொறகு கேக்கிறது கூடாது எண்டு நான் சொல்லல்ல, அதுவும் நல்லம்தான், ஆனா கேளு எண்டு சொல்லித்தந்த இடத்துல வாய மூடிட்டு பொறகு கேக்கிறது எனக்கு விளங்காத ஒண்டு. ஃபளாலா இப்னு உபைத் (ரழி) அறிவிப்புல ஒருத்தர் தொழுகையில அல்லாஹ்வப் புகழாம, நபி மேல ஸலவாத்துச் சொல்லாம நேரா துஆ கேட்டாரு, இவரு அவசரப்பட்டுட்டாரு எண்டு நபி (ஸல்) அவங்க சொன்னாங்க. முதல்ல புகழ், பொறகு ஸலவாத்து, பொறகு கேளுங்க எண்டு முறையச் சொல்லித்தந்தாங்க. கடைசி இருப்பு முழுக்க அந்த முறையிலதான் அமஞ்சிரிக்கு. ரெண்டையும் நீங்க செஞ்சி முடிச்சிட்டீங்க, மிச்சம் கேக்கிறதுதான்.

என்ன கேக்கிற? முதல்ல நாலு விஷயத்துல இருந்து பாதுகாப்பு. அபூ ஹுரைரா (ரழி) அறிவிப்பு, முஸ்லிம்ல இரிக்கு, அத்தஹிய்யாத்து ஓதினா இந்த நாலுல இருந்தும் பாதுகாப்புத் தேடுங்க எண்டு கட்டளையாவே வந்திரிக்கு: அல்லாஹும்ம இன்னீ அஊது பிக்க மின் அதாபி ஜஹன்னம், வமின் அதாபில் கப்ரி, வமின் ஃபித்னத்தில் மஹ்யா வல்மமாத்தி, வமின் ஷர்ரி ஃபித்னத்தில் மஸீஹித் தஜ்ஜால். நரக வேதன, கப்ரு வேதன, வாழ்க்கை மௌத்து ரெண்டுட ஃபித்னா (சோதன), கடைசிக் காலத்துல வாற பொய்யன் தஜ்ஜால்ட ஃபித்னா. நமக்கு இது ஸுன்னத்து, ஆனா ஒரு நாளும் விடக்கூடாத ஸுன்னத்து எண்டுதான் நான் புள்ளைகளுக்குச் சொல்ற.

ரெண்டாவது, அபூபக்கர் (ரழி) அவங்க கேட்டு வாங்கின துஆ. தொழுகையில ஓதுறத்துக்கு எனக்கு ஒரு துஆ சொல்லித்தாங்க எண்டு கேட்டாங்க, கிடைச்சது: அல்லாஹும்ம இன்னீ ளலம்து நஃப்ஸீ ளுல்மன் கதீரா, வலா யக்ஃபிருத் துனூப இல்லா அன்த்த, ஃபக்ஃபிர்லீ மக்ஃபிரத்தம் மின் இந்திக்க வர்ஹம்னீ, இன்னக்க அன்தல் கஃபூருர் ரஹீம். எனக்கு நானே கனக்க அநியாயம் செஞ்சிட்டன், உன்னத் தவிர பாவத்த மன்னிக்க யாருமில்ல, உன்ட பக்கத்தால ஒரு மன்னிப்பத் தா, ரஹ்மத்துச் செய். உம்மத்துல ஆகச் சிறந்த மனிசனுக்கு சொல்லிக்குடுத்த துஆவே தன்ட குறைய ஒத்துக்கிற துஆவா இரிக்கு, அத நினச்சி ஓதுங்க.

இதுக்கு மேல நேரம் இருந்தா ரப்பனா ஆத்தினா ஃபித்துன்யா ஹஸனத்தன் வஃபில் ஆஹிரத்தி ஹஸனத்தன் வகினா அதாபன்னார். நபி (ஸல்) அவங்க ஆகக் கூடக் கேட்ட துஆ இதுதான் எண்டு அனஸ் (ரழி) சொல்றாங்க. எக்ஸாம், கலியாணம், உம்மாட ப்ரெஷர், வாப்பாட கடன், வெளிநாட்டுல நிக்கிற காக்காட விசா, எல்லாம் அந்த ஹஸனத்துக்குள்ள, அதாவது துன்யாவுலயும் ஆஹிரத்துலயும் கேக்கிற நல்லதுக்குள்ள, வந்துரும், ஓதக்குள்ள கல்புல அத நினச்சிக்கங்க. தமிழ்ல கேக்கலாமா எண்டு கேப்பீங்க. நம்ம மத்ஹபுல தொழுகைக்குள்ள சொந்தமா தமிழ்ல துஆ கட்டிக் கேக்கிறது கூடாது, அரபு தெரியாத ஆக்களுக்கு வேற சில உலமாக்கள் இடம் குடுத்திரிக்காங்க. அதனால தொழுகைக்குள்ள ஹதீஸ்ல வந்த துஆ, தமிழ்ல மனசு விட்டுக் கேக்கிறத ஸலாத்துக்குப் பொறகு, இப்பிடிப் பிரிச்சி வச்சிக்கிறது பேணுதல்.

இமாம் நீளமா இரிக்கிறாரே எண்டு நீங்க சொன்னது இதத்தான், அவரு துஆ ஓதுறாரு. இமாமுக்கும் அளவு இரிக்கு, அத்தஹிய்யாத்தும் ஸலவாத்தும் சேந்த நேரத்த விட துஆ நீளாம இரிக்கிறது நல்லம். சில இடத்துல இதுக்கு மாறா நடக்குது, ரமழான்ல தராவீஹ் எண்ட இரவுத் தொழுகையில நாம அரவாசி ஸலவாத்துல நிக்கக்குள்ள ஸலாம் குடுபடுது. அப்பிடி நடந்தா பதறாதீங்க, அத்தஹிய்யாத்தையும் சின்ன ஸலவாத்தையும் முடிச்சிட்டுத்தான் நீங்க ஸலாம் குடுக்கணும், அது ரெண்டும் பர்ளு, இமாமோட சேந்து குடுக்கணும் எண்டு அத விட்டுட்டு ஓடாதீங்க.

பிந்தி வந்து சேந்தா இமாம் இரிக்கிற இருப்பெல்லாம் நீங்களும் இருந்து ஓதணும், உங்கட கணக்குக்கு அது முதல் ரக்அத்தா இருந்தாலும். மஃரிப்ல ரெண்டாவது ரக்அத்து ருகூஉ முடிஞ்ச பொறகு வந்து சேந்தவருக்கு நாலு அத்தஹிய்யாத்து வந்துரும், கணக்குப் போட்டுப் பாருங்க. இமாம் ரெண்டு ஸலாமும் குடுத்து முடிஞ்ச பொறகு எழும்புறது ஸுன்னத்து.

ஒண்டு மறக்காதீங்க, இதெல்லாம் வாயால ஓதணும். உதட்ட மூடிட்டு மனசுக்குள்ள ஓட்டுறது நம்ம மத்ஹபுல ஓதினதாகாது, சத்தம் இல்லாத இடத்துல தன்ட காதுக்குக் கேக்கிற அளவுக்காவது ஓதணும், ஆனா பக்கத்துல இரிக்கிறவங்களக் குழப்பாம மெதுவா.

உங்கட உம்மம்மா முழங்கால் வருத்தத்துல கதிரையில தொழுறா எண்டு எழுதியிருந்தீங்க. ஓதுறதுல அவக்கு ஒரு மாத்தமும் இல்ல, இருப்புக்கு இருப்புட ஓதல், நிலைக்கு ஃபாத்திஹா. ஆனா பர்ளுல நிக்க ஏலுமெண்டா நிலைய நிண்டுதான் தொழணும், ஸுஜூதுக்கும் இருப்புக்கும் மட்டும் கதிரை. இம்ரான் இப்னு ஹுஸைன் (ரழி) அவங்களுக்கு மூலவருத்தம் இருந்த நேரம் நபி (ஸல்) அவங்க சொன்ன ஒழுங்கு அதுதான், நிண்டு தொழுங்க, ஏலாட்டி இருந்து, அதுவும் ஏலாட்டி சரிஞ்சி படுத்து. முழுக்க கதிரையில இருந்து பழகினவங்களுக்கு இத மெதுவா எடுத்துச் சொல்லுங்க, மனம் நோகாம.

கடைசியா, நான் இஞ்ச தமிழ் எழுத்துல எழுதினத வச்சிப் பாடமாக்காதீங்க. ஹா ரெண்டும், ளாதும் ளாஉம், கைனும் காஃபும் தமிழ் எழுத்துல பிரிஞ்சி வராது, கருத்தே மாறிரும். இத நீங்க எந்த அத்தஹிய்யாத்து எண்டு அடையாளம் காண மட்டும் பாவிங்க, அரபு எழுத்தப் பாத்துப் பாடமாக்கி, ஹொஸ்டல்ல ஓதின புள்ளைகள் இல்லாமலா இரிப்பாங்க, ஒரு ஆளுக்கிட்ட ஓதிக்காட்டித் திருத்திக்கங்க. முதல்ல அந்த நாலு பாதுகாப்பு துஆ, அது வாயில நிண்ட பொறகு அபூபக்கர் (ரழி) துஆ. ஓதி வொய்ஸ் அனுப்பினா நானும் கேட்டுச் சொல்றன்.